அக்கா வீட்டுக்கு மட்டும் கெட்டிச் சுவர்

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கை தானாகச் சுவருக்குப் போய்விடும். விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவேன். கொத்தனார்களில் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. தட்டினால் வருகிற சத்தத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். என் அக்கா வீட்டில் மட்டும் பத்து வருடத்துக்கு மேல் நான் சுவரைத் தட்டியதே இல்லை. அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது அத்தனை வருடமும் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

பெரம்பலூர் தனி மாவட்டம் ஆன புதிது. ஏழைகளுக்குக் கட்டிக்கொடுக்கிற தொகுப்பு வீடுகளைப் புது முறையில் கட்டப்போகிறோம், செலவும் குறையும், வீட்டுக்குள் வெயிலும் தெரியாது என்று சொல்லி, யூனியன் ஆபீஸிலிருந்து கொத்தனார்களைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து நானும் போனேன். அப்போது எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஐந்தாவது வரைக்கும் படித்தவன். கரணை பிடித்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

சொல்லிக்கொடுத்த இன்ஜினீயர் என்னைவிடச் சின்னவர். எல்லாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவதுதான் எங்களுக்குத் தெரிந்த வேலை. அவர் கல்லைக் குத்தாக நிறுத்தச் சொன்னார். உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை, நடுவில் நாலு விரல் அகலத்துக்கு ஒன்றுமில்லாமல் வெறும் இடம், இரண்டையும் பிடித்துக்கொள்ள அங்கங்கே குறுக்கே ஒரு கல். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர் சொன்னார். மேல்தளத்துக்கும் அதே மாதிரி ஒரு வேலை. கான்கிரீட் போடும்போது கம்பிகளுக்கு நடுவில் இரண்டிரண்டு ஓடுகளை வாயோடு வாய் சேர்த்து வைத்துவிட வேண்டும். ஓட்டுக்குள்ளே காற்று நிற்கும். அந்தக் காற்றுதான் வெயிலை உள்ளே விடாமல் தடுக்கும் என்றார்.

"காத்து எப்படிங்க சார் வெயிலைத் தடுக்கும்? காத்தே சூடாத்தானே அடிக்குது?" என்று லப்பைக்குடிக்காடு கொத்தனார் ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தோம்.

"ஓடுற காத்து வேற, அடைச்சு வெச்ச காத்து வேறங்க. கைய வெச்சுப் பாருங்க" என்று இன்ஜினீயர் எங்களை வெயிலில் கட்டி வைத்திருந்த இரண்டு சுவர்களுக்குப் பின்னால் கூட்டிப்போனார். ஒன்று பழைய கட்டு, ஒன்று புதுக் கட்டு. ஒவ்வொருவராக உள்ளங்கையை வைத்துப் பார்த்தோம். பழைய சுவர் சுட்டது. புதுச் சுவர் சுடவில்லை.

சுடவில்லை என்று என் கைக்குத் தெரிந்தது. ஆனால் மனது ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது, அதன் நிழல் காலையில் இந்தச் சுவரில் விழுந்திருக்கும் என்று நானே ஒரு காரணம் நினைத்துக்கொண்டேன். அதை வாய்விட்டுக் கேட்டிருந்தால் அவர் விளக்கியிருப்பார். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். புரிந்தாலும் தலையாட்டுவேன், புரியாவிட்டாலும் தலையாட்டுவேன். பயிற்சி முடிந்த அன்று, "நீங்கதான் அமைதியா கவனிச்சு வேலை செஞ்சீங்க" என்று என்னைத்தான் அவர் பாராட்டினார். அந்தப் பாராட்டுக்கும் தலையாட்டினேன்.

முதல் வேலையாகக் கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பதினெட்டு வீடுகள் வந்தன. என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. பதினெட்டில் ஒன்று அக்காவுக்கே ஒதுக்கியிருந்தார்கள். வரிசையில் கடைசி வீடு. மேற்குப் பக்கம் மரம் மட்டை எதுவும் இல்லாத வெட்டவெளி.

மாமா சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழியில் வேலை பார்த்தவர். அப்போதே அவருக்கு நெஞ்சில் இழுப்பு வந்துவிட்டது. நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். புழுதியிலும் புழுக்கத்திலும் படுக்கக்கூடாது, காற்றோட்டமான இடத்தில் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று அரியலூர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் இருந்த கூரைவீடு குளிர்ச்சிதான். ஆனால் மக்கிப்போன கீற்றிலிருந்து நாள் முழுக்கத் தூசி கொட்டும். அந்தத் தூசி அவருக்கு ஆகவில்லை. அதனால்தான் அக்கா யூனியன் ஆபீஸுக்கு அலையாய் அலைந்து அந்த வீட்டை வாங்கினாள். அவர் மல்லாந்து படுத்து மூச்சு விட ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டும்போது மூன்றடி ஆழத்தில் மண்ணோடு கல்லாகிப்போன கிளிஞ்சல்கள் வந்தன. அந்தப் பக்கத்து மண்ணே அப்படித்தான், ஒரு காலத்தில் கடல் இருந்த இடம் என்பார்கள். நகக்கண் அளவில் வரிவரியாக இருக்கும். அக்கா நாலைந்தைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "எதுக்குக்கா?" என்றேன். "நம்ம வூட்டு மண்ணுல வந்ததுடா" என்றாள்.

சுவர் எழும்ப ஆரம்பித்ததும் ஊரில் கேலி தொடங்கிவிட்டது. எதிரே டீக்கடை. அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எங்கள் வேலைதான் பொழுதுபோக்கு.

"என்ன கொத்தனாரே, செவுத்துக்குள்ள எலி வளக்கப் போறீங்களா?"

"எலி இல்லய்யா, பாம்பு. கவர்மெண்டுல வூடும் குடுத்து, பாம்பும் குடுக்கிறாங்க."

"ஏழைங்களுக்குன்னா செவுத்தக்கூட பாதிதான் கட்டுவாங்கபோல!"

ஒருவர் எழுந்துவந்து கட்டின சுவரைத் தட்டுவார். டொக் டொக் என்று கேட்கும். கூட்டம் சிரிக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு கல்லை வைப்பேன். இன்ஜினீயர் சொன்ன காரணங்கள் எல்லாம் எனக்குத் தெரியும், ஒன்றையும் சொல்ல வாய் வராது. எனக்கே நம்பிக்கை இல்லாததை எப்படிச் சொல்வது? தட்டினால் 'தட்' என்று அடைந்த சத்தம் வருவதுதான் சுவர். பதினைந்து வருடமாக என் கை கட்டியது அந்தச் சுவரைத்தான்.

ஒருநாள் காலை அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். குடத்தை இறக்கிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சுவரை மெதுவாகத் தட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"தம்பி, இடிஞ்சி கிடிஞ்சி வுழாதுல்ல?"

"அதெல்லாம் வுழாது."

"இல்ல, அந்த மனுசன் பொழுதுக்கும் உள்ளதான் படுத்திருக்கணும். அதான் கேட்டேன்."

"நான் இருக்கேன்லக்கா" என்றேன்.

அவள் கேட்டது அவ்வளவுதான். கெட்டியாகக் கட்டு என்றோ, எனக்கு மட்டும் வேறு மாதிரி செய் என்றோ அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பிறகு நான் செய்ததெல்லாம் நானாகச் செய்தது.

மத்தியானம் சித்தாள்கள் சோறு தின்னப் போகிற நேரத்தில் நான் மட்டும் கடைசி வீட்டில் நின்றேன். வாணத்திலிருந்து எடுத்துக் குவித்திருந்த மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உடைந்த செங்கல் துண்டுகளையும் சேர்த்து, சுவரின் நடுவில் இருந்த அந்த நாலு விரல் இடத்தில் போட்டுக் கம்பியால் இடித்து இறுக்கினேன். ஒவ்வொரு வரிசை எழும்பியதும் அதே வேலை. நாலு சுவரும் அப்படித்தான். தளம் போடுகிற அன்றைக்கு, அந்த வீட்டுக்கு மட்டும், கீழ் ஓட்டின் வாயில் கலவையை நிரப்பி அதன்மேல் மேல் ஓட்டைக் கவிழ்த்தேன். கீழே இருந்து பார்த்தால் பதினெட்டு வீடும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கலவை தூக்கிக்கொடுத்த சித்தாள் அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். "என்ன கொத்தனாரே, இந்த வூட்டு ஓட்டுக்கு மட்டும் வாய் நெறையச் சோறு ஊட்டுறீங்க?" என்றார். நான் கையை மட்டும் நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு அடுத்த சட்டியைக் கொடுத்தார்.

அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பெருமையாகத்தான் இருந்தது. என் அக்காவுக்கு நான் நல்ல வீடு கொடுத்துவிட்டேன். மற்ற பதினேழு வீட்டுக்காரர்களும் என் கையால்தான் வீடு வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரி நிறைமாதமாக இருந்தாள். அவளுக்கும் உள்ளே காலியான பொள்ளல் சுவர்தான் வைத்தேன். அந்தச் சுவர் நிற்காது என்று நான் நம்பினேன், நம்பிக்கொண்டே அவள் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தேன்.

வீடு புகுந்த அன்று அக்கா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். மாமா புதுத் துண்டு போட்டுக்கொண்டு ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டு வந்தார். பிறகு பக்கத்து வீட்டுக்கும் போய்த் தட்டிவிட்டு வந்தார்.

"மாப்ள, அவங்க வூடெல்லாம் பானைய தட்டுற மாதிரி கேக்குது. நம்மளது மட்டும் பாறை மாதிரி இருக்கு. எப்படி?"

"மண்ணு வாகு மாமா" என்றேன்.

"வாகுதான்" என்று சிரித்து, மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

அடுத்த கோடை வந்தது. மாசி முடிந்து பங்குனி பிறந்ததுமே அந்தப் பக்கத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். சித்திரையில் ஒருநாள் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மாமா வீட்டில் இல்லை. ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோடு. ஒவ்வொரு லாரிக்கும் வெள்ளைப் புழுதி எழும்பி அவர்மேல் படியும். அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். லாரி போனதும் எடுப்பார். பிறகு இருமுவார்.

"ஏன் மாமா இங்க படுத்திருக்கீங்க?"

"உள்ள போய்ப் பாரு மாப்ள. காளவாய்ல இருக்கிற மாதிரி இருக்கு."

உள்ளே போனேன். அடுப்பு எரியவில்லை, ஆனால் எரிகிற மாதிரி இருந்தது. மேற்குச் சுவரில் கையை வைத்தேன், எடுத்துவிட்டேன். அக்கா வாசல் ஓரமாக உட்கார்ந்து முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"எங்க வூடு மட்டும்தான்டா இப்படி இருக்கு. பக்கத்து வூட்டுல போய்ப் பாரு, புள்ளைய தூளியில போட்டுட்டு அது பாட்டுக்குத் தூங்குது."

பக்கத்து வீட்டுக்குப் போனேன். தண்ணீர் கேட்கிற சாக்கில்தான் போனேன். அந்தப் பெண் தண்ணீர் மோந்து வர உள்ளே திரும்பிய நேரத்தில் அவள் வீட்டு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன்.

சுடவில்லை. பயிற்சியில் வைத்த அதே கை. இங்கே வேப்பமரம் எதுவும் இல்லை.

அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு, மாமாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல், பஸ் ஏறி வேப்பந்தட்டைக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கோடையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாமாவை மத்தியானத்தில் தங்கள் வீட்டில் வந்து படுக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் போய்ப் படுத்தார். அவர் இருமலில் குழந்தை விழித்துக்கொண்டு அழுததும் மூன்றாம் நாள் போகவில்லை. யார் கூப்பிட்டும் போகவில்லை. வீடு ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மேற்கு வெட்டவெளி என்றார்கள். கடைசி மனை ஆகாது என்றார்கள். நிலை வைத்த நேரம் சரியில்லை, கண்ணேறு பட்டுவிட்டது என்றார்கள். அக்கா வாசலில் பூசணிக்காய் கட்டினாள். அடுப்பை வெளியே மாற்றினாள். கடைசியில், "நான் பொறந்த நேரம் அப்படிடா. எனக்குன்னு வர்றது இப்படித்தான் வரும்" என்று என்னிடமே சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் இன்ஜினீயர் வந்தார். வீடுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வந்தவர், என்னையும் வரச்சொல்லியிருந்தார். வீடு வீடாகப் போய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்து, ஜனங்களிடம் கேட்டு, சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. கடைசி வீட்டில் நின்றுவிட்டார். நாலு சுவரிலும் கை வைத்தார். தளத்தை அண்ணாந்து பார்த்தார். ஓடுகள் வரிசையாகத் தெரிந்தன. பென்சிலின் பின்பக்கத்தால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கொத்தனாரே, இந்த வீட்டுல ஏதாச்சும் மாத்திக் கட்டினீங்களா?"

அக்கா பக்கத்தில் சொம்போடு நின்றிருந்தாள். மாமா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லைங்க சார்" என்றேன்.

"உண்மையாவா?"

"ஆமாங்க சார். எல்லாம் ஒரே மாதிரிதாங்க."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு நோட்டில் ஏதோ எழுதினார். "மேற்கு வெயில் நேராப் படுது, அதனாலயா இருக்கும். அந்தப் பக்கம் ஒரு மரம் வைங்கம்மா" என்று அக்காவிடம் சொன்னார். நான் பொய் சொல்வேன் என்று அவர் நினைக்கவில்லை. அமைதியாகக் கவனித்து வேலை செய்தவன் அல்லவா நான்.

அக்கா ஒரு புங்கங்கன்று வைத்தாள். பாத்திரம் கழுவின தண்ணீரை எல்லாம் அதற்குத்தான் ஊற்றினாள். இரண்டு முறை ஆடு கடித்துத் திரும்பத் துளிர்த்தது.

நான் அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். கோடையில் போகவே மாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் போவேன். மழைக்காலத்தில் அந்த வீடும் மற்ற வீடுகள் மாதிரிதான் இருக்கும். "மழைத்தண்ணியோட சேந்துதான் எந்தம்பி வரும்" என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். ஒவ்வொரு மழைக்கும் மற்ற பதினேழு வீடுகளில் விரிசல் இருக்கிறதா என்று என் கண் தேடும். ஒன்றிலும் இல்லை. விரிசல் இல்லையே என்று சந்தோஷப்பட்டேனா, இருந்திருந்தால் என் பக்கம் ஒரு நியாயம் கிடைத்திருக்குமே என்று பார்த்தேனா என்பதை இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

வருடங்கள் போயின. நடுவில் அவர்களுக்கு ஒரு மேசை விசிறி வாங்கிக்கொடுத்தேன். அது சூட்டுக்காற்றைத்தான் அடித்தது. மாமாவுக்கு இழுப்பு அதிகமாகி, பங்குனி முதல் ஆடி வரைக்கும் பகல் முழுவதும் புளியமரத்தடியே அவர் வீடு என்று ஆகிவிட்டது. லாரிகளும் நாளுக்கு நாள் அதிகமாயின. அவர் கட்டிலின் கயிறெல்லாம் வெள்ளை பூத்திருக்கும்.

அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம் ஆகப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்த வருடம். சித்திரை மாதம். மாமாவை இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்து எடுத்திருந்தார்கள். எனக்கு மனது கேட்காமல் ஒரு சீலிங் ஃபேன் வாங்கிக்கொண்டு போனேன். மாட்டுவதற்கு அந்த ஊர் எலக்ட்ரீஷியனையே கூப்பிட்டோம். அவர் சுவரின் மேல் வரிசையில் ஒரு துளை போட்டு, அதன் வழியாக பைப்பை உள்ளே விட்டார். அது இறங்கவில்லை.

"என்னக்கா இது! மத்த வூட்டுலல்லாம் மேலேர்ந்து பைப்பை வுட்டா சொய்ங்னு சுவிட்ச் போர்டு வரைக்கும் எறங்கிடும். எனக்கு வேலையே இல்ல. இங்க நட்டுக்கிட்டு நிக்குது" என்றார்.

"அப்படியே வெளியில ஓட்டிருங்க தம்பி, பரவால்ல" என்றேன்.

"இருங்கண்ணே, என்னன்னு பாத்துருவோம்" என்று அவர் உளியை எடுத்துக் கீழே ஒரு கல்லை உடைத்தார். காய்ந்த மண் சரசரவென்று கொட்டியது. செங்கல் துண்டுகள் உருண்டன. "அட, உங்க செவுத்துல மட்டும் மண்ணு கொட்டுதுக்கா!"

அக்கா வந்து குனிந்து அந்த மண்ணை அள்ளினாள். உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். அதில் ஒரு கிளிஞ்சல் இருந்தது. நகக்கண் அளவு, வரிவரியாக. அவள் அதை விரலால் தேய்த்தாள். அன்று வாணத்தில் அவள் பொறுக்கிய நாலைந்தும் சாமி மாடத்தில் இன்னும் இருந்தன. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தம்பி, நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்று எலக்ட்ரீஷியனை அனுப்பினாள். அவர் போனதும் கேட்டாள்.

"நீ வெச்சதா?"

"ஆமாக்கா."

"எல்லாச் செவுத்துலயுமா?"

"ஆமா. மேல ஓட்டுலயும்."

"அதனாலதான் சுடுதா?"

நான் தலையாட்டினேன்.

"எப்பலேருந்து தெரியும்?"

"மொத வருசக் கோடையிலேருந்து."

அவள் கையிலிருந்த மண்ணைக் கீழே போடவில்லை. திட்டுவாள் என்று நின்றேன், திட்டவில்லை. வெளியே பக்கத்து வீட்டுப் பெண் யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அவ வூட்டுல வெக்கலயே. ஏன்?"

"உனக்குக் கெட்டியா இருக்கட்டும்னுதான்க்கா..."

"அப்ப அவ வூடு வுழுந்தா வுழட்டும்னு இருந்தியா? புள்ளத்தாச்சிடா அவ அப்ப."

வீடு சுட்டதற்கு, மாமா ரோட்டில் கிடந்ததற்கு, இன்ஜினீயரிடம் பொய் சொன்னதற்கு எல்லாம் நான் மனதுக்குள் பல வருடமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. இத்தனை வருடமாக இதை யாரும் கேட்கமாட்டார்கள் என்றுதான் இருந்தேன்.

"மரத்தடியில படுத்திருக்காரு. போய் நீயே சொல்லு" என்றாள்.

போனேன். ரோட்டைத் தாண்டுகிற அந்தக் கொஞ்ச தூரம் முடியவே மாட்டேன் என்றது. மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தார். கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொன்னேன். நடுவில் இரண்டு லாரிகள் போயின. இரண்டு முறையும் அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பாறை மாதிரி இருக்குன்னு நான்தான மாப்ள ஊரெல்லாம் சொன்னேன்" என்றார்.

மறுநாள் காலையிலேயே மேற்குச் சுவரில் வேலையை ஆரம்பித்தேன். அடிவரிசையில் இரண்டு கல்லுக்கு ஒரு கல்லாகக் கழற்றி, கம்பியை உள்ளே விட்டு மேலே குத்தினால் மண் சரிந்து கொட்டும். வராத இடத்தில் மேலே இன்னொரு கல்லைக் கழற்றினேன். நான் இடித்து இறுக்கியது நன்றாகத்தான் இறுகியிருந்தது. குத்திக் குத்திக் கை கொப்பளித்தது. அக்கா கூடையில் மண்ணை அள்ளிக்கொண்டுபோய்ப் புங்கமரத்தடியில் கொட்டினாள். அவள் என்னிடம் பேசவில்லை, வேளாவேளைக்குச் சோறு மட்டும் போட்டாள்.

பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரமாக வந்து நின்றாள். "என்னக்கா, நல்ல செவுத்த போட்டு ஒடைக்கிறாரு உங்க தம்பி?"

நான் கம்பியை நிறுத்திவிட்டேன். எழுந்து சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"எலி உள்ள பூந்து மண்ணத் தள்ளி வெச்சிருக்குது ஆயி. அதான் எடுக்குறான்."

"அன்னிக்கே சொன்னாங்களே டீக்கடையில!" என்று அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா என்னைப் பார்க்காமல் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பொய்யே பேசாதவள் எனக்காகப் பொய் பேசியதும் என்னால் அவள் பக்கம் பார்க்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கம்பியால் சும்மா குத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அவள் வீடு நன்றாக இருக்கிறது. அப்போது வயிற்றிலிருந்த மகன் பத்தாவது படிக்கிற அளவுக்கு வளர்ந்து அதே வீட்டில் தூங்கி எழுகிறான்.

மேற்கு முடிந்து தெற்கும் முடிய எட்டு நாள் ஆயின. மத்தியான வெயில் படுகிற சுவர்கள் அந்த இரண்டும்தான். கழற்றின கல்லையெல்லாம் திரும்ப வைத்துப் பூசினேன். மேல்தளத்தை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அதைத் திறக்க வேண்டுமென்றால் வீட்டையே இடிக்க வேண்டும். வெள்ளையடித்தால் கொஞ்சம் குறையும் என்று இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்துவிட்டேன்.

பூச்சு காய்ந்த பிறகு ஒரு மத்தியானம் மாமா மரத்தடியிலிருந்து எழுந்து மெதுவாக வந்தார். அக்கா மேற்குச் சுவர் ஓரமாகப் பாய் விரித்தாள். அவர் படுத்து, கையை நீட்டிச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். நானும் அக்காவும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் உடனே எடுக்கவில்லை. பிறகு விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினார். டொக் டொக் என்று கேட்டது.

"செவுரு தேவலாம் மாப்ள" என்றார். கொஞ்ச நேரம் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேலேருந்துதான் இன்னும் சூடு எறங்குது."

"ஆமாங்க மாமா" என்றேன்.

அவர் ஒருக்களித்துச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.